கூகுள் அனலிட்டிக்ஸ் டெமோ கணக்கு: மின்வணிகம் படிப்பவர்களுக்கு

மின்வணிகம் படிக்கிற எங்களுக்குக் கல்லூரி லேபில் கிடைப்பது பெரும்பாலும் கற்பனைக் கடையின் கற்பனைக் கணக்குதான். வலைத்தளத்துக்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அளந்து காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸின் டெமோ கணக்கில் அப்படியில்லை. கூகுள் மெர்ச்சண்டைஸ் ஸ்டோர் என்ற நிஜக் கடையின் தரவை, கூகுள் கணக்கு வைத்திருக்கும் யாரும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது கொள்முதல் பயண அறிக்கை. பொருளைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் கூடையில் போட்டார்கள், எத்தனை பேர் பணம் கட்டும் பக்கம் வரை வந்துவிட்டு நழுவினார்கள் என்று படிப்படியாகத் தெரிகிறது. மொபைலையும் கணினியையும் பிரித்துப் பார்த்தால் கேள்விகள் தானாக வரும். நேர்முகத் தேர்வில் பேச இதைவிட நல்ல சரக்கு வேண்டுமா?

பார்க்கத்தான் அனுமதி, அமைப்புகளில் கை வைக்க முடியாது. டேக் (வருகையை அளக்க வலைப்பக்கத்தில் சேர்க்கும் சிறு நிரல்) பொருத்திப் பழக வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு சின்ன வலைத்தளம் வேண்டும். அப்புறம், எங்கள் பாடக்குறிப்பு இன்னும் 2023 ஜூலையில் நின்றுபோன பழைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸிலேயே இருக்கிறது. அதில் படித்த பவுன்ஸ் ரேட் (வந்த வேகத்தில் திரும்பிப் போகும் வருகைகளின் விகிதம்) வேறு, இதில் வேறு. புதியதில் ஒருவர் 10 விநாடிக்கு மேல் தங்கினாலே அது பவுன்ஸ் கணக்கில் வராது. சரி, தேர்வுக்குப் பழையதை எழுதிவிட்டு வேலைக்குப் புதியதைப் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.