டைமண்டுக்கு எவ்வளவு தோண்டணும், ட்ரைடன்டுக்கு எத்தனை கொல்லணும்? மைன்கிராஃப்ட்டின் அரிய பொருள்கள் பற்றி ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கோடை விடுமுறையில், கட்டைகளால் ஆன உலகத்தில் தோண்டிச் சேர்த்துக் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை ஆடும் பிள்ளைகளுக்குள் வரும் சண்டை பெரும்பாலும் ஒன்றுதான். நாலு பேர் சேர்ந்து ஓர் உலகத்தைத் தொடங்குவார்கள். பத்து நாளில் ஒருவன் உடம்பு முழுக்க, இருப்பதிலேயே வலுவான நெதரைட் கவசத்தை மாட்டிக்கொண்டு எலிட்ரா என்ற இறக்கையில் பறப்பான். மற்ற மூவரும் இரும்புக் கவசத்திலேயே நிற்பார்கள். அதோடு அந்த உலகம் முடிந்தது. பறப்பவன் அதிகம் உழைத்தான் என்று சொல்ல முடியாது. யார் எந்த வழியில் போனார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. அரிய பொருள்களுக்கு இந்த விளையாட்டு ஒரே மாதிரி விலை கேட்பதில்லை. சிலவற்றுக்கு நேரம், சிலவற்றுக்கு அறிவு, சிலவற்றுக்கு வெறும் அதிர்ஷ்டம். விளையாட்டை வாங்க நினைப்பவர்களும், ஏற்கெனவே சேர்ந்து ஆடுகிறவர்களும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. கீழே உள்ள எண்கள் 1.21 பதிப்புக்கானவை. ட்ரைடன்ட் (மூன்று முனை ஈட்டி), வில்லேஜர் (கிராமத்து வியாபாரி) கணக்குகள், ஜாவா, பெட்ராக் என்ற இரண்டு வகைகளில் ஜாவா பதிப்பை ஒட்டியவை.

முதலில் டைமண்ட். 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பு உலகத்தின் அடியை, உயரத்தைக் குறிக்கும் ஒய் அளவில், மைனஸ் 64 வரை இறக்கியது. டைமண்ட் ஒய் 16இல் தொடங்கி, கீழே போகப் போக அதிகமாகிறது. மைனஸ் 60இலிருந்து கீழே உடைக்க முடியாத பெட்ராக் பாறை குறுக்கிடுவதால், மைனஸ் 59இல் கால் வைத்து இரண்டு கட்டை உயரத்துக்குச் சுரங்கம் வெட்டுவதே சரி. இரண்டு கிளைச் சுரங்கங்களுக்கு நடுவே இரண்டு கட்டை விட்டால் போதும், இடையில் இருப்பது எதுவும் கண்ணுக்குத் தப்பாது. மைனஸ் 54க்குக் கீழே உள்ள குகைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் லாவாதான் நிற்கும். அதனால் தண்ணீர் பக்கெட் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இங்கே சமன் அழகாக அமைந்திருக்கிறது. டைமண்ட் அதிகம் இருக்கும் ஆழத்தில் பாறை முழுக்க டீப்ஸ்லேட். அதன் கடினம் 3, சாதாரணக் கல்லின் கடினம் 1.5. எஃபிஷியன்சி 5 என்ற வேக என்சான்ட் (கருவிக்குப் போடும் மந்திரம்) போட்ட டைமண்ட் பிக்காக்ஸும், பீக்கன் என்ற ஒளிக்கட்டை தரும் ஹேஸ்ட் 2 என்ற வேகமும் சேர்ந்தால் சாதாரணக் கல் தொட்டவுடன் உடையும். டீப்ஸ்லேட்டை அப்படி உடைக்க நெதரைட் பிக்காக்ஸாலும் முடியாது. எவ்வளவு பணக்காரன் ஆனாலும் டைமண்ட் தோண்டும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று பாறையை வைத்தே சொல்லிவிட்டார்கள். இன்னொன்று, காற்றுப்படும் இடத்தில் உருவாக வேண்டிய டைமண்டில் ஒரு பங்கை விளையாட்டே நீக்கிவிடுகிறது. குகைக்குள் ஓடிக்கொண்டே சுவரைப் பார்ப்பவனைவிட, பொறுமையாகச் சுரங்கம் வெட்டுபவனுக்குக் கூலி அதிகம். விளைச்சலைக் கூட்டும் ஃபார்ச்சூன் 3 என்சான்ட் இருந்தால் ஒரு தாதுக் கட்டைக்குச் சராசரி 2.2 டைமண்ட். அந்த என்சான்ட் கிடைக்கும்வரை, கண்ட இடத்தை உடைக்காமல் கோஆர்டினேட்டை (இடத்தைக் காட்டும் எண்களை) குறித்து வைத்துவிட்டு நகர்ந்தால் இரண்டு மடங்குக்கு மேல் லாபம்.

அடுத்தது நெதரைட்டுக்கு மூலப்பொருளான ஏன்ஷியன்ட் டெப்ரி. இந்த விளையாட்டிலேயே மிக நேர்த்தியாகச் சமன் செய்யப்பட்ட பொருள் இதுதான். நெதர் என்ற நெருப்புலகில் மட்டும் இருக்கும், காற்றுப்படும் இடத்தில் ஒருபோதும் உருவாகாது. நடந்துபோகும்போது தற்செயலாகக் கண்ணில் படும் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒய் 15ஐச் சுற்றி அடர்த்தி அதிகம். ஆனாலும் 16க்கு 16 கட்டை கொண்ட ஒரு சங்க்கை (நிலத்துண்டை) முழுதாகத் தோண்டினாலும் சராசரியாக இரண்டுகூடத் தேறாது. ஃபார்ச்சூன் இதில் செல்லாது. நாலு டெப்ரியை உருக்கி, நாலு தங்கக் கட்டியுடன் சேர்த்தால் ஒரு நெதரைட் கட்டி. கவசம் நான்கு, வாள், பிக்காக்ஸ், கோடாரி, மண்வெட்டி என்று எட்டையும் மாற்ற 32 டெப்ரி, 32 தங்கம் வேண்டும்.

இதைத் தேட மூன்று வழிகள் உண்டு. பிக்காக்ஸ் மட்டும் வைத்து வெட்டலாம். நெதரின் சாதாரணப் பாறையான நெதர்ராக்கின் கடினம் வெறும் 0.4 என்பதால், எஃபிஷியன்சி 2 போட்ட டைமண்ட் பிக்காக்ஸே தொட்டவுடன் உடைத்துவிடும். இதற்காக எஃபிஷியன்சி 5 வரும்வரை காத்திருப்பவர்கள் நேரத்தை வீணாக்குகிறார்கள். தேய்மானத்தைக் குறைக்கும் அன்பிரேக்கிங் 3 இருந்தால் 1561 அடி தாங்கும் பிக்காக்ஸ் ஏறக்குறைய நாலு மடங்கு உழைக்கும்.

இரண்டாவது வழி பெட் (படுக்கை). நெதரில் பெட்டில் படுக்கப் போனால் வெடிக்கும். அதன் வெடிப்புத் திறன் 5, டிஎன்டி என்ற வெடிக்கட்டைக்கு 4தான். பர்கூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரி தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பாளம் எடுக்கிற இடத்தில் வெடி வைத்தால் கல் விரிசல் விட்டு வீணாகும் என்பதால் வயர் சா போட்டு அறுப்பார்கள். ஜல்லிக்கு என்றால் தாராளமாக வெடி வைக்கலாம். டெப்ரியோ எந்த வெடிக்கும் அசையாது. சுற்றியிருக்கும் நெதர்ராக் சிதறிப் போய், டெப்ரி மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். லாவாவில் விழுந்தாலும் எரியாது.

செய்முறை இதுதான். ஒய் 15இல் ஒரு கட்டை அகலம், இரண்டு கட்டை உயரத்தில் நேராகச் சுரங்கம் போடுங்கள். சுரங்கத்தின் முனையில் தலைப்பக்கம் எதிரே போகும்படி பெட்டை வையுங்கள். உங்களுக்கும் பெட்டுக்கும் நடுவே கால் மட்டத்தில் ஒரு கட்டையை வைத்து, இரண்டடி பின்வாங்கி, அந்தக் கட்டைக்கு மேலாகப் பெட்டைத் தொடுங்கள். நடுவில் கட்டை வைக்க மறப்பதுதான் முக்கால்வாசிச் சாவுகளுக்குக் காரணம். அப்படிச் செத்தால் ‘வேண்டுமென்றே இப்படி வடிவமைத்தது’ என்ற பொருள்படத் திரையில் செய்தி வரும், அது உண்மையும்கூட. அடுத்த ஆபத்து லாவா. நெதரின் லாவாக் கடல் ஒய் 31 வரை நிற்கிறது, நீங்கள் தோண்டுவது அதற்கு அடியில். வெடித்தபின் மேலிருந்து ஒழுகும், தீயும் பிடிக்கும், தண்ணீர் ஊற்றி அணைக்கவும் வழியில்லை. ரெட்ஸ்டோன் சேர்த்து 8 நிமிடமாக நீட்டிய ஃபயர் ரெசிஸ்டன்ஸ் மருந்தைக் குடித்துவிட்டுத்தான் முதல் பெட்டை வைக்க வேண்டும். தங்கம் அணிந்தவரைத் தாக்காத பிக்லின் (நெதரின் பன்றி மனிதர்கள்) கூட்டத்துக்காகத் தங்கக் கவசத்தில் ஓர் உறுப்பாவது மாட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது டிஎன்டி. ஒரு பெட்டுக்கு மூன்று கம்பளி, மூன்று பலகை போதும். ஆனால் பையில் ஓர் இடத்துக்கு ஒரு பெட்தான் வைக்க முடியும். டிஎன்டிக்கு ஐந்து துப்பாக்கி மருந்தும் நாலு மணலும் வேண்டும், ஓர் இடத்தில் 64 அடுக்கலாம். ஆரம்பத்தில் பெட் மலிவு. துப்பாக்கி மருந்து தரும் க்ரீப்பர் அரக்கர்களைக் கொன்று சேர்க்கும் ஃபார்ம் போட்டபின் டிஎன்டி. மூன்று வழிக்கும் தேவையான கச்சாப் பொருள் வேறு, ஆபத்து வேறு, கைக்கு வருவது ஒரே பொருள். எந்த வழியும் மற்றொன்றை முழுசாக விழுங்கிவிடவில்லை.

2023 ஜூனில் வந்த 1.20 இதற்கு மேல் இன்னொரு பூட்டுப் போட்டது. நெதரைட்டுக்கு மாற்ற ஒவ்வொரு முறையும் ஓர் அப்கிரேட் டெம்ப்ளேட் செலவாகும். நெதரில் பிக்லின்கள் வாழும் பாஸ்டியன் கோட்டைகளில் புதையல் அறை உள்ள வகையில் இது நிச்சயம் கிடைக்கும், மற்ற வகைகளில் எப்போதாவதுதான். ஒன்று கிடைத்தால் ஏழு டைமண்டும் ஒரு நெதர்ராக்கும் வைத்து நகலெடுக்கலாம். எட்டுச் சாமானுக்கு ஏழு நகல், அதாவது 49 டைமண்ட். கவசம் போட்டு முடித்தவனுக்கு டைமண்ட் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த நிலையை இது மாற்றியது. சேர்ந்து ஆடும்போது இன்னொரு நன்மையும் உண்டு. ஒருவன் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த டெம்ப்ளேட்டை மற்றவர்களுக்குப் பெருக்கிக் கொடுக்கலாம். பாஸ்டியனில் ப்ரூட் என்ற முரட்டுப் பிக்லின் மட்டும் தங்கத்தைப் பார்த்து மயங்காது, கண்டதும் வெட்டும். ஷீல்டு இல்லாமல் உள்ளே நுழைய வேண்டாம்.

இவ்வளவு கவனமாகக் கட்டிய கணக்கு உடைவது வில்லேஜரிடம். அம்பு செய்யும் வில்லேஜரான ஃபிளெட்சர் 32 குச்சிக்கு ஒரு எமரால்டு (வில்லேஜர்களின் நாணயமான மரகதம்) தருகிறான். ஒரு மரத்துண்டு நாலு பலகை, நாலு பலகை எட்டுக் குச்சி. ஆக நாலு மரத்துண்டுக்கு ஒரு எமரால்டு. கடைசி நிலைக்கு ஏறிய ஆர்மரர் (கவச வியாபாரி), என்சான்ட் போட்ட டைமண்ட் மார்புக் கவசத்தை 21 முதல் 35 எமரால்டுக்கு விற்கிறான். 84இல் இருந்து 140 மரத்துண்டுக்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. மைனஸ் 59இல் லாவாவுக்கு நடுவே எட்டு டைமண்டுக்காகக் குனிந்து கிடப்பவனுக்கு இது நியாயமே இல்லை. புத்தகம் விற்கும் லைப்ரேரியனின் வேலை மேசையான லெக்டர்னை உடைத்து உடைத்து வைத்து, சாமானை அனுபவப் புள்ளியால் சரிசெய்யும் மெண்டிங் புத்தகம் அவனிடம் வரும்வரை மாற்றிக்கொண்டே இருப்பதும் இதே கதை. 10 முதல் 38 எமரால்டு, கூட ஒரு வெறும் புத்தகம். அதற்குப்பின் எந்தச் சாமானும் தேயாது.

விளையாட்டு இதைக் கட்டுப்படுத்த ஒரு வழி வைத்திருக்கிறது. பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் வரத்து கூடினால் விலை சரிவதைப் போல, ஒரே ஃபிளெட்சரிடம் குச்சியைக் கொட்டினால் அடுத்த சரக்கு நிரப்புதலுக்குப் பின் ஒரு எமரால்டுக்கு அவன் இன்னும் அதிகக் குச்சி கேட்பான். ஒரு சுற்றில் 16 முறை வாங்குவான். எட்டு முறைக்கு மேல் விற்காவிட்டால் அவன் கேட்கும் குச்சியின் எண்ணிக்கை ஏறாது. ஆனால் நாலு ஃபிளெட்சரை வரிசையாக நிறுத்தினால் இந்தக் கட்டுப்பாடு பல்லில்லாமல் போகிறது. ஒரே வில்லேஜரைத் திரும்பத் திரும்ப ஜாம்பியாக்கிக் குணப்படுத்தி விலையை அடிமட்டத்துக்கு இறக்கும் தந்திரத்தை 1.20.2 நிறுத்தியது. இப்போது தள்ளுபடி முதல் முறைக்கு மட்டுமே. நல்ல திருத்தம், ஆனால் போதாது.

போதுமான திருத்தம் விளையாட்டுக்குள்ளேயே பரிசோதனை அமைப்பாக இருக்கிறது: வில்லேஜர் வணிக மறுசீரமைப்பு. உலகம் உருவாக்கும் பக்கத்தில் எக்ஸ்பெரிமெண்ட்ஸ் பகுதியில் இதை இயக்க வேண்டும். இயக்கினால் மெண்டிங் சதுப்புநில லைப்ரேரியனிடம், அதுவும் கடைசி நிலையில்தான் கிடைக்கும். சதுப்பில் கிராமம் தானாக உருவாகாது. இரண்டு வில்லேஜரைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே குடிவைத்துக் குழந்தை பிறக்க வைக்க வேண்டும். ஆர்மரர் டைமண்ட் கவசத்துக்கு எமரால்டோடு கொஞ்சம் டைமண்டும் கேட்பான். சேர்ந்து ஆடும் உலகத்துக்கு இது கட்டாயம் என்பதே எங்கள் தீர்ப்பு. பெட்ராக் பதிப்பில் எக்ஸ்பெரிமெண்ட் எதை இயக்கினாலும் அச்சீவ்மெண்ட் நின்றுவிடும், அதையும் தெரிந்தே இயக்குங்கள்.

அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பும் பொருள்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெதரின் கறுப்பு எலும்புக்கூடான விதர் ஸ்கெலிட்டன் தலை கொடுக்கும் வாய்ப்பு 2.5 சதவீதம், வாளில் லூட்டிங் 3 என்சான்ட் இருந்தால் 5.5. மூன்று தலைக்குச் சராசரி 120 கொலை, லூட்டிங்கோடு சுமார் 55. சலிப்பு இருந்தாலும் வாளை மெருகேற்றினால் பலன் பாதிக்குப் பாதி தெரிகிறது, அது ஏற்கத்தக்கது. ட்ரைடன்ட் அப்படியில்லை. நீருக்குள் திரியும் ஜாம்பிகளான டிரவுண்டுகளில் 6.25 சதவீதம்தான் அதைக் கையில் பிடித்து வரும். அதிலும் 8.5 சதவீதம்தான் கீழே போடும். சராசரி 188 கொலைக்கு ஒன்று, லூட்டிங் 3 இருந்தாலும் 139. திறமைக்கு இங்கே வேலை இல்லை. முதல் நாளே ஒருவனுக்குக் கிடைத்து, இரண்டு மாதம் கடலில் கிடந்தவனுக்குக் கிடைக்காமல் போகலாம். இந்த விளையாட்டின் மிக மோசமான கணக்கு இது.

பங்கு பிரிப்பதில்தான் மெய்யான சிக்கல். எண்ட் என்ற தனி உலகில் மிதக்கும் கப்பல் ஒவ்வொன்றிலும் எலிட்ரா ஒன்றுதான். முதலில் போனவன் எடுத்தால் தீர்ந்தது. அடுத்தவன் அடுத்த கப்பலைத் தேடி வெற்றிடத்துக்கு மேலே பாலம் கட்டிக்கொண்டே போக வேண்டும், முதல்வனோ அதைப் பறந்தே தேடுவான். இருப்பவனுக்கே மேலும் சேருகிறது. 2024 ஜூனில் 1.21 கொண்டுவந்த ட்ரையல் சேம்பர் என்ற நிலத்தடிச் சோதனைக் கூடம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அங்கே வால்ட் என்ற பரிசுப் பெட்டகம் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனியாக ஒருமுறை திறக்கும். மேஸ் என்ற கதாயுதம் செய்யத் தேவையான ஹெவி கோர், ஆமினஸ் என்ற கடின வகை வால்டில் இருந்துதான் வர வேண்டும். முன்னால் போனவன் பின்னால் வருபவனின் பங்கைக் கரைக்க முடியாது. எலிட்ராவுக்கும் இதே முறை வந்திருந்தால் பாதி உலகங்கள் பிழைத்திருக்கும். அதுவரை, முதல் நாலு கப்பலுக்கு நாலு பேரும் சேர்ந்தே போவது, கிடைப்பதை வரிசைப்படி எடுத்துக்கொள்வது என்று உலகம் தொடங்கும் அன்றே பேசிக்கொள்ளுங்கள்.

வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. கணினிக்கு வாங்கினால் ஜாவா, பெட்ராக் இரண்டும் சேர்ந்தே வரும். போனுக்கு வாங்கினால் பெட்ராக் மட்டும். ஜாவாக்காரரும் பெட்ராக்காரரும் ஒரே உலகத்தில் சேர முடியாது, அதனால் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெண்ணாகரம், அஞ்செட்டிப் பக்கம் போல சிக்னல் தடுமாறும் ஊர்களில் பெட்ராக்கே தோது. ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் மற்றவர்கள் இணைந்தால் போதும், ஆட்டத்துக்கு டேட்டா தேவையில்லை. ஆனால் உலகம் முழுக்க அந்த ஒரு போனில் இருக்கும். அவர் வெளியேறினால் எல்லோரும் வெளியே. எண்டுக்குப் போகும் முன்பும், பாஸ்டியனில் நுழையும் முன்பும், உலகத்தின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் நகலெடுக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திவிடுங்கள்.