டிராயரில் கிடந்த கார்டு ரீடர்

இந்த ஏப்ரலில் மூன்று வாரம் சென்னையில் இருந்தேன். அம்மா வீடு அடையாறில். ஊருக்குப் போனால் உடற்பயிற்சி நின்றுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அடுத்த தெரு ஜிம்மில், லண்டனில் என் வீட்டில் இருக்கும் அதே ரோயிங் மெஷின் (படகுத் துடுப்பு வலிப்பதுபோல் இழுக்கும் இயந்திரம்), கான்செப்ட்2 கம்பெனியின் மாடல் டி, ஒரு மூலையில் நின்றது. தூரத்தையும் வேகத்தையும் காட்டும் அதே பி.எம்.3 மானிட்டர். யாரோ வீட்டைக் காலி செய்தபோது விற்றுவிட்டுப் போனதாம்.

எனக்கு அது பெரிய விஷயம். இழுக்கும் மீட்டரையெல்லாம் கான்செப்ட்2வின் இணையப் பதிவேட்டில் சேர்த்து வருகிறேன். அந்தக் கணக்கில் ஒரு சீசன் மே 1இல் தொடங்கி ஏப்ரல் 30இல் முடிகிறது. இந்த சீசனில் பத்து லட்சம் மீட்டரைத் தொட எனக்கு இன்னும் 54,000 பாக்கி. ஒரு நாளைக்கு 6,000 என்றால் ஒன்பது நாள்.

முதல் நாள் இழுத்தபோது காற்றுத் தடை மிகக் குறைவாக இருந்தது. வீட்டில் டேம்பரை (காற்று உள்ளே போகும் அளவை மாற்றும் நெம்புகோல்) 5இல் வைத்தால், டிராக் ஃபேக்டர் என்கிற தடை அளவு 120 பக்கம் வரும், இங்கே 95. உள்ளே காற்றில் சுழலும் சக்கரத்தின் கூண்டில் தூசி அடைத்தால் இப்படித்தான் ஆகும். சொன்னதும் பயிற்சியாளர் தம்பி, "அக்கா, காலைல வாங்க, ரெடியா இருக்கும்" என்றார். மறுநாள் 118. ராத்திரி ஜிம் மூடிய பிறகு உட்கார்ந்து, வேக்குவம் க்ளீனர் வைத்துச் சுத்தம் செய்திருக்கிறார். ஒவ்வொரு இழுப்புக்கும் சக்கரம் எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பதை மானிட்டர் அளந்துகொண்டே இருக்கும். அதனால்தான் லண்டன் மீட்டரையும் அடையாறு மீட்டரையும் ஒரே கணக்கில் எழுத முடிகிறது.

அப்புறம் கார்டு. பி.எம்.3இல் லாக்கார்டு என்று ஒன்றைச் செருகலாம். ஏடிஎம் கார்டு அளவுதான், அதே மாதிரி தங்க நிறச் சில்லு. எந்தத் தேதியில் எத்தனை மீட்டர், ஒவ்வொரு பகுதிக்கும் என்ன வேகம் என்று எல்லாம் அதில் பதியும். நாலு பேர் ஏறி இறங்கும் ஜிம்மில் இது இல்லாவிட்டால் உங்கள் பயிற்சியும் மற்றவருடையதும் மெஷின் நினைவில் கலந்துவிடும். கார்டு எப்போதும் என் பர்ஸிலேயே இருக்கும். அதைக் கணினியில் படிக்கிற ரீடர் மட்டும் லண்டனில்.

அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். பேச்சை முடிக்கக்கூட விடாமல் மெமரி கார்டு ரீடர் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். கேமரா கார்டுக்கானது அது, இந்தக் கார்டு அதில் நுழையவே நுழையாது. திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டோம் என்றார்கள். பணத்தைவிட, நான் கையில் வைத்திருந்த கார்டை அவர்கள் பார்க்கக்கூட இல்லையே என்பதுதான் வருத்தம்.

தம்பியிடம் புலம்பியபோது அவர் வரவேற்பு மேசை டிராயரைத் துழாவி ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். "மெஷினோட வந்துச்சுக்கா, கார்டு தேய்க்கிறதுன்னு நெனச்சோம்." அசல் லாக்கார்டு ரீடர்! ஆனால் யூ.எஸ்.பி. ஒயரை எலி கடித்திருந்தது.

கஸ்தூரிபாய் நகரில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை மேசை போட்டிருந்த பெரியவர் ரீடரைக் கையில் வாங்கிப் பார்த்தார். "என்னம்மா படிக்கும் இது?" என்று முதலில் கேட்டார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று நாலு கம்பியையும் மல்டிமீட்டரில் சோதித்து, புது ஒயர் வைத்து சால்டர் செய்தார். தன் லேப்டாப்பில் சொருகி, ரீடர் தெரிகிறது என்று காட்டிய பிறகுதான் காசு கேட்டார். 150 ரூபாய். நான் கூடுதலாக நீட்டியதை வாங்கவில்லை.

ஜிம் கணினியில் கான்செப்ட்2 யூட்டிலிட்டி மென்பொருளை இறக்கி நிறுவினோம். பயிற்சி முடிந்து மானிட்டர் முதல் பட்டியலுக்குத் திரும்பிய பிறகே கார்டை உருவ வேண்டும் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேன். ரீடரில் வைத்ததும் அதுவரை செய்த ஐந்து நாள் பயிற்சியும் வரிசையாக வந்து நின்றன. ஒரே சொடுக்கில் இணையப் பதிவேட்டுக்குப் போய்விட்டன. இப்போது வருகிற பி.எம்.5இல் இந்தக் கார்டு கிடையாது. பென் டிரைவில் எடுக்கலாம், ப்ளூடூத் வழியாக ஃபோனுக்கும் அனுப்பலாம். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஏப்ரல் 28 காலை கணக்கு பத்து லட்சத்தைத் தொட்டது. ரீடரை ஜிம்மிலேயே விட்டுவிட்டு வந்தேன். அது அவர்களுடையது. தம்பி அதன்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி "ரோயிங் கார்டு" என்று எழுதி வைத்திருக்கிறார்.