பன்னிரண்டு மணி நேர நாப்கின்: மூன்று மாத அனுபவம்

எனக்கு ஜவுளிக்கடையில் வேலை. காலை பத்து மணிக்குச் சேலைப் பிரிவில் நின்றால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் உட்காருவேன். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்தாயிற்று. எங்கள் தளத்துக்கு அது இன்னும் மாடி ஏறி வரவில்லை. அதனால் "பன்னிரண்டு மணி நேரம் கவலையே இல்லை" என்று டிவியில் கேட்டதும் அந்த எக்ஸ்எல் பாக்கெட்டை வாங்கிவிட்டேன்.

முதலில் விளம்பரத்தில் செய்கிற மாதிரியே, தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து டானிக் மூடியால் அளந்து ஊற்றிப் பார்த்தேன். ஐந்து மூடி, சொட்டு வெளியே வரவில்லை. மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, உனக்கு நீலமாவா வருது?" என்றாள்.

அதுதானே! நமக்கு வருவது கொழகொழவென்று, நடுவில் கட்டி கட்டியாக. இரண்டாம் நாள் ஐந்து மணி நேரத்திலேயே பின்பக்கம் கசிந்துவிட்டது. வியர்வையில் விங்ஸின் பசை விட்டு, சுருண்டு தொடையில் ஒட்டிக்கொண்டது. வெள்ளை பேன்ட் போட்டுக் குதிக்கிற அந்தப் பெண்ணை ஒரு நாள் எங்கள் கவுன்டரில் நிற்க வைக்க வேண்டும். டாக்டர்கள் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் என்றால் யாருக்கு வசதி? பாத்ரூம் போக விடாத சூப்பர்வைசருக்குத்தான்.

அப்புறம் அந்த மல்லிகை வாசனை. உனக்கு நாறுகிறது என்று முதலில் நம்ப வைத்துவிட்டு, பிறகு சென்ட் விற்கிறார்கள். மூன்றாம் மாதம் எனக்கு அரிப்பே வந்துவிட்டது. நல்லது என்று சொன்னால், கழற்றியதைச் சுற்றிப் போடக் கூடவே வருகிற உறை.

நாப்கினுக்கான 12 சதவீத ஜிஎஸ்டியை 2018 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இதில் ஒரு பேட் பத்து ரூபாய்க்கு மேல் ஆகிறது. மக்கள் மருந்தகத்தில் சுவிதா பேட் ஒன்று 1 ரூபாய். அடுத்த மாதம் அதுதான். இந்த எக்ஸ்எல்லுக்கு ஐந்துக்கு இரண்டு மார்க்.

வாங்கிய மெடிக்கல் ஷாப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். 2019-லிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை, தக்காளிக்குக்கூடக் கவர் கிடைப்பதில்லை. இதற்கு மட்டும் கறுப்புக் கவர் எங்கிருந்தோ வருகிறது. "கவர் வேண்டாம் தம்பி, அப்படியே குடுங்க" என்றேன். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, பேப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தார்.