பதிவேட்டின் மென்பொருளை மாற்றுவது: ஒரே ராத்திரியிலா, ஒத்திகை பார்த்தா?

இணைய முகவரிப் பதிவேடு என்பது பத்திரப் பதிவு அலுவலகம் மாதிரி. எந்த ஐபி முகவரித் தொகுதி யார் பேரில் இருக்கிறது, அதை ‘இது என்னிடம் இருக்கிறது’ என்று எந்த நெட்வொர்க் மற்ற நெட்வொர்க்குகளுக்கு அறிவிக்கலாம், பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அங்கே எழுதியிருக்கும். உலகம் முழுவதற்கும் இப்படி 5 வட்டாரப் பதிவேடுகள் உண்டு. ஐரோப்பாவுக்கு ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ரைப் என்சிசி. நமக்கு பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்நிக். அதன்கீழ் இந்தியாவுக்கு நிக்சி என்ற நிறுவனம் நடத்தும் ஐரின். தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் இழுத்து இணைப்பு கொடுக்கும் எங்களைப் போன்றவர்களின் முகவரிகளும் இந்த ஏட்டில்தான் இருக்கின்றன.

இந்த ஏட்டை நடத்துவதும் ஒரு மென்பொருள்தான். அதற்கும் புதுப் பதிப்பு வரும். அந்தப் பதிப்பை ஏற்றுவதற்கு நாலைந்து வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்று கேட்டால், சர்வர் எவ்வளவு நேரம் நின்றது என்பதைத்தான் பலரும் முதலில் பார்ப்பார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். பதிவேடு 10 நிமிடம் நின்றால் எங்கள் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) திரும்பக் கேட்கும், அவ்வளவுதான். நிற்காமல் ஓடிக்கொண்டே, பதிலை மட்டும் வேறு மாதிரி கொடுத்தால்தான் ஆபத்து. பிழை என்று யாருக்கும் தெரியாது.

ஆபத்து எப்படி வந்து சேர்கிறது என்று பார்ப்போம். பதிவேட்டில் ‘ரூட்’ என்று ஒரு பதிவு உண்டு: இந்தத் தொகுதியை இந்த ஏஎஸ் எண் (ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) அறிவிக்கலாம் என்று சொல்வது. எங்களுக்கு பேண்ட்விட்த் கொடுக்கும் மேல்நிலை நிறுவனம் பிஜிபிக்யூ4 மாதிரி ஒரு கருவியை வைத்து அதைத் தினமும் இழுத்து, எந்த அறிவிப்பை ஏற்பது என்ற பட்டியலை, அதாவது ஃபில்டரைக் கட்டும். பதிலில் எங்கள் தொகுதி வரவில்லையென்றால் ஃபில்டரிலும் இருக்காது. எங்கள் அறிவிப்பை ஏற்க மாட்டார்கள். அடுத்த நிமிடம் மண்ணடியில் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளம் திறக்காது. “என்னா தம்பி, சரக்கு ஹார்பர்ல நிக்குது, நெட்டு எங்கே?” என்று அவர் என்னைத்தான் கேட்பார். ஆம்ஸ்டர்டாமும் பிரிஸ்பேனும் அவருக்கு எதற்கு?

இனி வழிகளைப் பார்க்கலாம்.

ஒரே ராத்திரியில் மாற்றுவது

பழைய முறை இது. பராமரிப்பு நேரம் என்று அறிவித்து, பழையதை நிறுத்தி, புதியதை ஏற்றி, விடிவதற்குள் திறந்துவிடுவது. இதில் ஒரு நன்மை உண்மையிலேயே உண்டு: எந்த நேரத்திலும் ஒரே பதிப்புதான் ஓடும். இன்றைக்கு வந்த பதில் நேற்றைய பதிலிலிருந்து மாறியிருந்தால் காரணம் எங்கே என்று தேட வேண்டியதில்லை.

ஆனால் அது யாருடைய ராத்திரி? பிரிஸ்பேனில் அதிகாலை 2 மணி என்றால் வடசென்னையில் இரவு 9.30. வண்ணாரப்பேட்டையிலிருந்து எர்ணாவூர் வரை வீட்டுக்கு வீடு டிவி, போன், படிக்கிற பிள்ளையின் லேப்டாப் என்று எல்லாம் ஓடும் நேரம். எங்களுக்குச் சுமை உச்சத்தில் இருக்கும்போது யாரும் எதையும் தொட விரும்ப மாட்டோம். ஆம்ஸ்டர்டாமில் கோடைக்கால அதிகாலை 2 மணி என்றால் இங்கே காலை 5.30. எங்களைப் போல விடியலுக்கு முன் ஃபில்டரைப் புதுப்பிக்கிறவர்களின் ஸ்கிரிப்ட் அப்போதுதான் கதவைத் தட்டும். உலகமே வந்து பார்க்கும் ஏட்டுக்கு எல்லோருக்கும் ஒத்துவரும் நள்ளிரவு கிடையாது. அதைவிடப் பெரிய குறை, தவறு இருந்தால் அது முதலில் தெரிவது வாடிக்கையாளருக்குத்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது

செயலி நிறுவனங்கள் எல்லாம் இப்போது இதைத்தான் செய்கின்றன. 10 சர்வர் இருந்தால் முதலில் 1, பிறகு 3, அப்புறம் எல்லாம். நூற்றில் ஒரு கேள்வியைப் புதுப் பதிப்புக்கு அனுப்பி, கெட்டால் இழுத்துக்கொள்வது. உணவு ஆர்டர் செய்யும் செயலிக்கு இது அருமையான வழி. பதிவேட்டுக்கு இரண்டு இடத்தில் உதைக்கிறது.

ஒன்று, நூறு கேள்விகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஒருவர் ஆர்வத்தில் ஒரு முகவரியைப் பார்ப்பதும் ஒரு கேள்விதான். ராடிபி மாதிரி முழு ஏட்டையும் நகலெடுத்து, ஆயிரக்கணக்கான நெட்வொர்க்குகளுக்குப் பரிமாறும் இடம் கேட்பதும் ஒரு கேள்விதான். அந்த ஒரு சதவீதத்துக்குள் இரண்டாவது ஆள் மாட்டினால், ரைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களுக்கும் தவறு போய்ச் சேர்ந்துவிடும்.

இரண்டு, ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வரும். நேற்றைய பதிலையும் இன்றைய பதிலையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் மணி அடிக்கும் ஸ்கிரிப்ட் பல இடங்களில் உண்டு. பாதி சர்வர் புதுசு, பாதி பழசு என்றால் அந்த மணி மாறி மாறி அடிக்கும். ரெண்டு நாளில் ஆட்கள் அதைக் கவனிப்பதையே விட்டுவிடுவார்கள்.

முழுசாக இரண்டு தொகுப்பு சர்வர்களை வைத்து, ஒரே சொடுக்கில் இங்கிருந்து அங்கே மாற்றும் முறை இதைவிடத் தேவலை. பதில்கள் கலக்காது, கேள்விகளைப் பொறுத்தவரை திரும்பி வருவதும் எளிது. ஆனால் மாற்றிய பிறகு 2 மணி நேரம் புதுப் பதிப்பில் ஆட்கள் பதிவுகளைத் திருத்தியிருப்பார்களே, அவை? புது வடிவில் எழுதியதைப் பழைய பதிப்புக்குப் படிக்கத் தெரியாவிட்டால் திரும்பும் பாதை அடைபட்டுவிடும். நகல் எடுப்பவர்களுக்கு ஒவ்வொரு திருத்தமும் வரிசை எண்ணோடு போகிறது. போன எண்ணைத் திரும்ப வாங்க முடியாது.

ஒத்திகைக் காலம்

என் ஓட்டு இதற்குத்தான். ரைப் என்சிசி பல வருடங்களாகப் பின்பற்றும் முறை: புதுப் பதிப்பை நிஜ ஏட்டில் ஏற்றுவதற்கு முன், பொதுவாக 2 வாரம், தனி முகவரியில் எல்லோருக்கும் திறந்துவைப்பார்கள். உள்ளே இருப்பது நிஜ ஏட்டின் நகல். தனிநபர் விவரங்கள் மட்டும் போலியாக மாற்றப்பட்டிருக்கும். அங்கே எதைத் திருத்தினாலும் நிஜ ஏடு அசையாது. என்ன மாறியது என்ற குறிப்பும் கூடவே வரும். மென்பொருளின் மூலநிரலும் பொதுவெளியில் இருக்கிறது. ஏற்றும் நாளும் முன்கூட்டியே தெரியும்.

இதன் அருமை ஒரு சின்ன உதாரணத்தில் புரியும். ஒரு முகவரி எந்த ஊரில் பயன்படுகிறது என்று சொல்லும் ஜியோஃபீட் இணைப்பை முதலில் ‘ரிமார்க்ஸ்’ வரியில்தான் எழுதிவந்தார்கள். அப்புறம் ரைப் ஏட்டில் அதற்கென்று ‘ஜியோஃபீட்’ என்றே தனி வரி வந்தது. மனிதக் கண்ணுக்கு இது முன்னேற்றம். ரிமார்க்ஸ் வரியை மட்டும் தேடும் ஸ்கிரிப்டுக்கோ, இணைப்பு காணாமல் போனதாகத் தெரியும். எந்தச் சோதனையிலும் இது பிழையாக விழாது, ஏனென்றால் பதிவேட்டின் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த ஸ்கிரிப்ட் எந்த ஊரில், யாருடைய மேசையில் ஓடுகிறதோ அங்கேதான் பிடிபடும். அதற்கு அவகாசம் கொடுக்கும் வழி இது.

குறையும் சொல்ல வேண்டும். ஒத்திகையில் நிஜச் சுமை வராது. யாரும் வந்து பார்க்காவிட்டால் 2 வாரமும் வெறும் காத்திருப்புதான். பாதுகாப்பு ஓட்டை என்றால் இந்த வழி உதவாது: 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல் தொகுப்பின் ஓட்டை வெளிவந்தபோது, ஜாவா மென்பொருள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கே பார்த்தாக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரே ராத்திரி முறைதான் சரி, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுவது

பெரிய மாற்றத்துக்கு 2 வாரம் போதாது. பதிவேட்டிடம் கேள்வி கேட்கும் பழைய முறையான, 43-ஆம் போர்ட்டில் ஓடும் ஹூயிஸுக்குப் பதிலாக ஆர்டாப் நெறிமுறை 2015-இல் வந்தது. டொமைன் பெயர்ப் பக்கத்தில், .org, .info போன்ற பொதுவான மேல்நிலைப் பெயர்களுக்கு ஹூயிஸ் கட்டாயமில்லை என்று, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகான் விலக்கியது 2025 ஜனவரி 28-இல். இடையில் ஏறக்குறைய 10 வருடம். முகவரிப் பதிவேடுகள் இன்னும் இரண்டையும் சேர்த்தே நடத்துகின்றன. ஆர்டாப் பதில், ஒவ்வொரு விவரத்தையும் பெயரிட்ட புலமாகப் பிரித்துத் தரும் ஜேசன் வடிவில் வருகிறது. தெரியாத புலம் வந்தால் கண்டுகொள்ளாமல் கடந்துபோ என்று அதன் விதியே சொல்கிறது. அதனால் புதுசாக எதையாவது சேர்த்தாலும் ஸ்கிரிப்ட் உடைவது குறைவு. செலவு இரட்டிப்பு, உண்மைதான். இரண்டு நிரலையும் பராமரிக்க ஆள் வேண்டும்.

ரைப் ஏட்டில் ‘சேஞ்ட்’ என்ற வரியை நீக்கிய விதம் எனக்குப் பிடித்தது. முதலில் உருவான நாள், கடைசியாகத் திருத்திய நாள் என்று இரண்டு வரிகளைச் சேர்த்து, பழைய வரி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்றார்கள். அடுத்து, அனுப்பினால் எச்சரித்துவிட்டு வரியை எடுத்தார்கள். கடைசியில்தான் பிழை என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆக, வெளியே தெரியாத உள்வேலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். பதிலின் வடிவமோ விதியோ மாறினால் ஒத்திகைக் காலம் கட்டாயம். ஒன்றை எடுத்துவிடுவதானால் சேர்த்து ஓட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஐரினோ ஏப்நிக்கோ, எந்தப் பதிவேட்டின் உறுப்பினராக இருந்தாலும் இதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

வடசென்னையில் என்னைப் போல வேலை பார்க்கும் பலர், “நம்மகிட்ட ஆள் இல்ல” என்று ஒத்திகையை விட்டுவிடுகிறார்கள். ஆள் தேவையில்லை. உங்கள் ஏஎஸ் எண், உங்கள் தொகுதிகள், வாடிக்கையாளர் தொகுதி இரண்டு மூன்று: இவற்றை ஒரு கோப்பில் போடுங்கள். ஒத்திகை திறந்திருக்கும்போது ஒரே ஸ்கிரிப்டை நிஜ முகவரியிலும் ஒத்திகை முகவரியிலும் ஓட்டி, இரண்டு விடைகளையும் டிஃப் (வரிக்கு வரி ஒப்பிடும் கருவி) போட்டுப் பாருங்கள். மறைக்கப்பட்ட தனிநபர் வரிகளைத் தவிர வேறு ஏதாவது மாறியிருந்தால், அந்த வரியை அப்படியே ஒட்டி, ஏற்றும் நாளுக்கு முன் பதிவேட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஃபில்டர் கட்டும் ஸ்கிரிப்டிலும் ஒரு நிபந்தனை சேருங்கள்: புதுப் பட்டியல் காலியாக வந்தாலோ, நேற்றையதைவிடப் பாதிக்குக் கீழே சுருங்கினாலோ, பழையதை வைத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடட்டும்.