ஏசி ஓடாத பழைய வேன வாங்கி மூணே முக்கால் வருஷம் ஆச்சு

எங்க வீட்டு தொழில் இட்லி மாவு. வேலூர் சத்துவாச்சாரில அரைச்சு காட்பாடி, பாகாயம், ராணிப்பேட்டை வரைக்கும் கடைகளுக்கு போடுறோம். 2022 மார்ச் வரைக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்ல தான் ஓடிச்சு, அப்புறம் கடை கூடுனதும் ஒரு வேன் வேணும், ஞாயித்துக்கெழம அம்மா புள்ளைங்கள கூட்டிட்டு போகவும் ஆகணும்னு தேட ஆரம்பிச்சோம். எனக்கு மனசுக்குள்ள ஆம்னி தான் இருந்துச்சு, சின்ன வயசுலேந்து பாத்த வண்டி, 1984-ல வந்தது, ஆனா 2019-ல நின்னு போச்சு. கடைசில கெடச்சது அதே குடும்ப ஜாடைல 1.2 லிட்டர் பெட்ரோல் வேன், அஞ்சு சீட்டு, 2010 நவம்பர் ரிஜிஸ்ட்ரேஷன், 78,000 கிலோமீட்டர். கம்பெனி பேர் எழுதல, பன்னெண்டு வருஷம் ஓடுன வண்டில வர்ற கோளாறுக்கு அவங்கள இழுக்கறது நியாயம் இல்ல.

1,65,000 சொன்னாரு புரோக்கர். ஏசி போட்டு பாத்தேன், காத்து வந்துச்சு, குளிர் வரல. "கேஸ் மட்டும் கம்மியா இருக்கு சார், ரெண்டாயிரம் ரூபா வேலை"ன்னு சொல்லி ஏசிக்குன்னு அஞ்சாயிரம் கொறச்சாரு. நானும் மூவாயிரம் லாபம்னு நெனச்சு 1,60,000-க்கு முடிச்சுட்டேன். "கேஸ் மட்டும் கம்மி"ங்கற இந்த ஒரு வரிய மட்டும் பழைய வண்டி வாங்குறவங்க யாரும் நம்பாதீங்க. ஏசில இருக்குற கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீந்து போற சாமான் இல்ல, மூடுன குழாய்க்குள்ள அதேதான் சுத்திகிட்டே இருக்கும், குளிர் சுத்தமா நிக்கிற அளவுக்கு கொறஞ்சிருக்குன்னா எங்கயோ லீக்குன்னு தான் அர்த்தம்.

வாங்கி ஒரு வாரம் கழிச்சு தான் ஏசி பெல்ட்டே இல்லன்னு தெரிஞ்சுது. இந்த வண்டில ஏசிக்கு தனி பெல்ட்டு, அத கழட்டி வச்சுட்டு வித்துருக்காங்க. நான் முட்டாள் மாதிரி ஏசி சுவிட்ச் லைட் எரியுதான்னு மட்டும் பாத்துருக்கேன். சுவிட்ச போட்டா கம்ப்ரஸர் (கேஸ அழுத்தி சுத்த விடுற பம்ப்) கிளட்ச் "டக்"குன்னு ஒட்டுற சத்தம் கேக்கணும், ஐடிலிங்ல எஞ்சின் சத்தம் லேசா மாறணும், அத கவனிக்கல. சரி போகட்டும்னு ரோட்டோர கடைல பெல்ட்டு 450, கேஸ் 1,800 குடுத்து போட்டேன். பத்து நாள் ஊட்டி மாதிரி இருந்துச்சு, பதினோராம் நாள் பழையபடி காத்து. அதுக்கு மேல கம்ப்ரஸர் பக்கம் பேரிங் கீச்சு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சது, காலைல அஞ்சு மணிக்கு தெருவே எந்திரிக்குது. பெல்ட்ட கழட்டுனேன், சத்தம் நின்னுச்சு. அப்பத்தான் முன்னாடி வச்சிருந்தவர் ஏன் கழட்டுனாருன்னு புரிஞ்சுது, சிரிப்பு தான் வந்துச்சு.

அதுக்கு அப்புறம் ரெண்டு வெயில் காலம் ஏசி இல்லாம தான். வேலூர் வெயில் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல. அதுலயும் இந்த மாதிரி வேன்ல எஞ்சின் முன் சீட்டுக்கு அடில உக்காந்திருக்கு, சீட்ட தூக்குனா தான் ஆயிலே பாக்க முடியும், அதனால மேல வெயிலு கீழ அடுப்புன்னு நடுவுல நாம வேகணும். ஓடிட்டு இருந்தா கண்ணாடி எறக்கி விட்டா சமாளிக்கலாம், சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னா போதும் சட்டை ஒட்டிக்கும். நான் கூட தாங்கிடுவேன், மாவு தாங்கல. கத்திரில ஏழு மணி தாண்டுனா மாவு வண்டிக்குள்ளயே பொங்க ஆரம்பிச்சுடும், ஒரு கடைக்கார அக்கா பாக்கெட்ட தூக்கி காட்டி "தம்பி, மாவு கேட்டா பலூன் குடுக்குற"ன்னாங்க. நேரத்த நாலரை மணிக்கு மாத்துனேன், பின்னாடி தெர்மாகோல் பெட்டில ஐஸ் வச்சேன், கூரைக்கு உள்பக்கமா ஃபாயில் ஒட்டுன ஃபோம் ஷீட் போட்டேன். அந்த ஷீட் நெஜமாவே வேலை செஞ்சது, தகரம் சூட்ட தலைக்கு எறக்கறது நல்லா கொறஞ்சுது. கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமான்னு யோசிச்சு விட்டுட்டேன், பக்கத்து கண்ணாடில 50 சதவீதம், முன்னாடி பின்னாடி 70 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும்னு ரூல் இருக்கு, ஃபைன் கட்ட நம்மால ஆகாது.

யாரும் முன்னாடியே சொல்லாத விஷயம் என்னன்னா, வெயில விட மழைல தான் ஏசி இல்லாத கஷ்டம் தெரியும். ஜன்னல மூடணும், உள்ள நாலு பேர் மூச்சு, முன் கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு எதிர்ல வர்ற லாரி வெறும் ரெண்டு வெளிச்சமா தான் தெரியும். ஏசி குளிர மட்டும் குடுக்கல, காத்துல இருக்குற ஈரத்தையும் உறிஞ்சுது, அதான் ஆவி போகுது. 2023 டிசம்பர்ல ஒரு ராத்திரி ஆற்காட்டுலேந்து அம்மாவையும் புள்ளைங்களையும் வச்சுகிட்டு ஒரு கைல துணியால தொடைச்சுகிட்டே வந்தேன், அன்னைக்கு முடிவு பண்ணேன்.

இந்த தடவ ஏசி வேலை மட்டுமே பாக்குற ஒரு பாய் கிட்ட போனேன். அவரு மொதல்ல கேஸ தொடவே இல்ல. நைட்ரஜன் ஏத்தி சோப்பு தண்ணி போட்டு பாத்தாரு, சூட்ட வெளிய தள்ளுற கண்டென்சர்ல ஒண்ணு, டேஷ்போர்டுக்குள்ள கூலிங் காயில்ல ஒண்ணு, ரெண்டு எடத்துல ஓட்டை. "தம்பி, இதுல கேஸ் போட்டா காசு தான் ஆவியா போகும்"னாரு. பில்லு இப்படி: ரீகண்டிஷன் கம்ப்ரஸர் 9,500, கண்டென்சர் 4,200, கூலிங் காயில் 3,800, கேஸ அளவா விடுற எக்ஸ்பான்ஷன் வால்வு 1,100, ஈரத்த உறிஞ்சுற டிரையர் 900, உள்ள இருக்குற காத்த வேக்கம் போட்டு எடுத்து ஆர்134ஏ கேஸ் ஏத்தி லேபரோட 4,500. மொத்தம் 24,000. டிரையர் எதுக்குன்னு பேரம் பேசுனேன், லைன ஒரு தடவ தொறந்துட்டா அது வெளி ஈரத்த குடிச்சிடும், மறுபடி அதையே போட்டா உள்ள துரு தான்னு சொன்னாரு. பெல்ட்டு மட்டும் என்கிட்ட ஏற்கனவே இருந்துச்சு, ஹா ஹா.

ஆக அஞ்சாயிரம் கொறச்சு வாங்குன ஏசிக்கு ரோட்டோர கடைல போட்டதையும் சேத்தா 26,250 ஆயிருக்கு. வாங்கும்போதே ஒரு ஏசி மெக்கானிக்க கூட்டிட்டு போயிருந்தா இந்த கணக்க புரோக்கர் முன்னாடி வச்சு 1,40,000-க்கு கேட்டிருப்பேன், குடுத்திருப்பாரா தெரியாது, ஆனா கேட்டிருக்கலாம்.

2024 பிப்ரவரில செஞ்சது, இப்ப வரைக்கும் குளிர் கொறையல. ஏசி இல்லாம ஊருக்குள்ள லிட்டருக்கு 14 கிலோமீட்டர் குடுத்தது இப்ப பன்னெண்டு, பன்னெண்டரை, ஏலகிரி மாதிரி பதினாலு கொண்டை ஊசி ஏறும்போது நான் ஏசிய ஆஃப் பண்ணிடுவேன், இல்லன்னா வண்டி மூச்சு வாங்கும். மத்தபடி எஞ்சின் ஒரு பிரச்சனையும் பண்ணல, கிளட்ச் கேபிள் ஒரு தடவ, பேட்டரி ஒரு தடவ, அவ்ளோ தான், இப்ப மீட்டர் 1,31,000. அம்மாவுக்கு மட்டும் ஏசி ஆகல, ஏறுன உடனே ஜன்னல எறக்க சொல்லுது.

போன மாசம் வண்டிக்கு பதினஞ்சு வருஷம் முடிஞ்சுது, ஆர்.சி (ரிஜிஸ்ட்ரேஷன்) ரினீவல் ஃபீஸே 5,000, பழைய வண்டிக்கு போடுற பசுமை வரி தனி, வண்டிய ஆர்டிஓ ஆபீஸ்ல கொண்டு போய் காட்டணும். 2010, 2011 மாடல் பாக்குறவங்க இத வெலையோட சேத்தே எழுதிக்கோங்க, நான் எழுதல. இப்ப 2030 வரைக்கும் ஆர்.சி இருக்கு, விக்கிற எண்ணம் இல்ல. அடுத்து ஸ்லைடிங் டோர் ரோலர் மாத்தணும், தொறக்கும்போது பாதில நின்னுக்குது.