உதட்டுக் கொப்புளமும் குரங்குக் கடியும்

கம்பத்திலிருந்து குமுளி ஏறும் மலைப்பாதையில் வண்டியை நிறுத்தி, சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுகிறார்கள். வேண்டாமே.

காய்ச்சல் விட்டதும் நமக்கு உதட்டோரம் கொப்புளம் கிளப்புவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 என்ற வைரஸ். அதன் நெருங்கிய உறவு, நம் நாட்டுக்குரங்கும் சேர்ந்த மக்காக் இனக் குரங்குகளிடம் இருக்கும் பி வைரஸ். இரண்டும் நரம்பு முடிச்சுகளில் ஆயுசுக்கும் பதுங்கியிருந்து, உடம்பு தளரும்போது எட்டிப்பார்க்கும். அதனதன் சொந்த வீட்டில் இரண்டுமே பெரும்பாலும் சாது. குரங்குக்கும் வாயில் சின்னப் புண், அவ்வளவுதான்.

வீடு மாறினால்தான் வினை. மனித வைரஸ் தொற்றினால் தென் அமெரிக்காவின் மார்மோசெட் குரங்குகள் செத்தே போகின்றன. பி வைரஸ் மனிதருக்கு வந்தால் மூளையைத் தாக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பிழைப்பதில்லை. 1932-இல் குரங்கு கடித்த ஓர் ஆராய்ச்சியாளர் இறந்த பிறகே இது தெரியவந்தது. 1997-இல் அமெரிக்காவில் ஓர் இளம் ஆய்வாளருக்குக் கடிகூட இல்லை, கண்ணில் தெறித்த துளி போதுமாயிருந்தது.

பதிவான நோயாளிகள் உலகளவிலேயே மிகக் குறைவு. அதனால் குரங்கைக் கல்லால் அடிக்க வேண்டியதில்லை. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. வெறிநாய்க்கடி ஊசி குரங்குக் கடிக்கும் கட்டாயம்; பி வைரஸைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள், தேவைப்பட்டால் வாலாசைக்ளோவிர் மாத்திரை தருவார்.