மதுரையில் பாப்பாவின் கண் பேட்ச்

கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்து மதுரை கிளம்பும்போது கைப்பையில் முதலில் எடுத்து வைத்தது மகளின் கண் பேட்ச் டப்பாவைத்தான். அவளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. மாறுகண், வலது கண்ணில் பார்வையும் குறைவு. கண்ணாடி போட்ட பிறகும் குறை மிச்சமிருந்ததால், நன்றாகத் தெரிகிற இடது கண்ணைத் தினமும் இரண்டு மணி நேரம் இந்தப் பேட்சை ஒட்டி மூடி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நல்ல கண்ணே எல்லாவற்றையும் பார்த்துவிடுவதால் மூளை இன்னொரு கண்ணைக் கண்டுகொள்வதில்லை. நல்லதை மூடினால்தான் மற்றது வேலைக்கு வரும். ஏழெட்டு வயதுக்குள் செய்தால் பலன் அதிகம் என்பதால், ஊருக்குப் போகிறோம் என்று இடையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அங்கே எனக்குப் பெரிய சவாலாக இருந்தது சொந்தபந்தம்தான். "பச்சப் புள்ள, பாவம், கழட்டி விடு" என்று ஆளாளுக்கு இரக்கப்படுவார்கள். மூடியிருக்கிற கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து, "என்ன அடி பட்டுச்சு?" என்று தெருவில் கேட்காதவர் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் பிரியமாகப் பிய்த்தே விட்டார்.

மறுபரிசோதனைக்கும் நாள் வந்துவிட்டதால் அண்ணாநகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம். எங்கள் தெருவில் கண்புரை ஆபரேஷன் என்றாலே அங்கேதான். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், அரை நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் பார்க்கவும் பவர் சரியாக எடுக்கவும் சொட்டு மருந்து விடுவார்கள். கண்ணின் பாவை விரியக் காத்திருக்க வேண்டும், எரிச்சலில் பிள்ளை அழும். வெளியே வந்தால் வெயில் கூசும். ஒரு தொப்பி கையில் இருக்கட்டும்.

பரிசோதனைகளில் பெரும்பகுதியைச் செய்வது சிஸ்டர்கள். பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், பள்ளிப் படிப்பு முடித்து வந்து அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். எங்களுக்கு வந்த சிஸ்டரிடம் அம்மா நேராகவே கேட்டுவிட்டார்: "மாறுகண் அதிர்ஷ்டம்னு சொல்வாங்களே, புள்ளைய ஏன் இப்படிப் பாடுபடுத்தணும்?"

அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "இங்க பாருங்க பாட்டி" என்று மகளின் வலது கண்ணைக் கையால் மறைத்தார். அவள் பாட்டுக்குப் படப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இடது கண்ணை மறைத்தார். உடனே தலையை ஆட்டி, அந்தக் கையைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்க்க முயன்றாள். "பாத்தீங்களா? இந்தக் கண்ண மட்டும் வச்சுப் பாக்க அவளுக்குக் கஷ்டமா இருக்கு. இப்ப விட்டுட்டா, பெருசானப்புறம் கண்ணாடி போட்டாலும் முழுசாத் தெரியாது. நீங்கதான் பாத்துக்கணும்." அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

லண்டனிலும் எங்களுக்கு நல்ல சிகிச்சைதான் கிடைக்கிறது. ஆனால் விளக்கம் எல்லாம் எனக்கும் கணவருக்கும் கடிதமாக வரும். ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அம்மாச்சி, அத்தை, பக்கத்து வீடு என்று பலர். சொல்ல வேண்டியதை அம்மாவின் கண்முன் செய்து காட்டிய அந்த ஐந்து நிமிடம்தான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி. மறுநாளிலிருந்து பேட்சுக்கு அம்மாதான் பொறுப்பு. பல்லாங்குழியை எடுத்துவைத்து, புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட வைத்தே நேரத்தை ஓட்டிவிடுவார். யாராவது கழற்றச் சொன்னால், "அது நல்ல கண்ணு, மூடித்தான் இருக்கணும்" என்று அவரே பதில் சொன்னார்.

பேட்ச் போட்டால் மாறுகண் நேராகிவிடும் என்று நானே பாதி நம்பியிருந்தேன். இது பார்வையைக் கூட்டத்தான், நேராக்குவது கண்ணாடியோ தேவைப்பட்டால் ஆபரேஷனோ என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். நாமாக நேரத்தைக் கூட்டவும் கூடாதாம். அளவு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வை குறையலாம் என்பதால்தான் இந்த இடைவிடாத பரிசோதனை.

மதுரை வெயிலில் வியர்த்து ஓரம் பிரிந்துவிடும். குளித்து, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, காலை எட்டு மணிக்குள் ஒட்டியபோது நின்றது. கழற்றும்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாக எடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் பசை போகும், ஆனால் துளி மிச்சமிருந்தாலும் அடுத்தது ஒட்டாது. சிறு பிள்ளை அளவு பேட்ச் நான் ஏறி இறங்கிய மருந்துக் கடைகளில் இல்லை, பெரியவர்கள் அளவையே நீட்டினார்கள். எனவே தேவையானதைக் கையோடு கொண்டுபோங்கள்.

லண்டன் கடிதத்தையும் மறக்க வேண்டாம். பார்வையை அளக்கும் லாக்மார் கணக்கில் அங்கே 0.3 என்று எழுதியிருப்பதை நம் ஊரில் 6/12 என்பார்கள், அதைவிடக் குறைந்த பார்வையான 0.6 என்றால் 6/24. 0.6இல் தொடங்கிய மகளின் வலது கண் இப்போது 6/12 வரை படிக்கிறது. இரண்டு மணி நேரத்தையே தொடரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். திரும்பியதும் அந்தச் சீட்டை இங்குள்ள கிளினிக்கில் வாங்கிப் பார்த்துக் கோப்பில் சேர்த்துக்கொண்டு, அடுத்த பரிசோதனைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள்.